கூகுள் தேடலும் ஏகபோகத் தடைச் சட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையத் தேடலில் கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் கட்டிக்காத்தது என்று அமெரிக்க நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 5 அன்று தீர்ப்பளித்தது. அதைச் சரிசெய்வதற்கான உத்தரவு 2025 செப்டம்பரில் வந்தது. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு, விசாரணையிலும் தீர்ப்பிலும் வெளிவந்த விவரங்களைக் கொண்டு இங்கே பதில் தருகிறோம். ஐரோப்பாவும் இந்தியாவும் வேறு பாதையில் போனதால், அவை பிற்பகுதியில் தனியாக வருகின்றன.

வழக்குப் போட்டது யார்? எந்தச் சட்டத்தின் கீழ்?

அமெரிக்க அரசின் நீதி அமைச்சகமும் 11 மாநிலங்களும் சேர்ந்து 2020 அக்டோபர் 20 அன்று வாஷிங்டன் டி.சி. மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. அதே ஆண்டு டிசம்பரில் கொலராடோ முன்னின்று நடத்திய வேறு பல மாநிலங்களின் வழக்கும் வந்தது. இரண்டையும் நீதிபதி அமித் மேத்தா ஒன்றாக விசாரித்தார். ஜூரி கிடையாது. 2023 செப்டம்பர் 12இல் தொடங்கிய சாட்சி விசாரணை சுமார் பத்து வாரம் நடந்தது. இறுதி வாதம் 2024 மே மாதம்.

சட்டம் மிகப் பழையது: 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டம், பிரிவு 2. இது சிவில் வழக்கு. அரசு அபராதம் கேட்கவில்லை, நடத்தையை மாற்றும் உத்தரவைத்தான் கேட்டது. “அமெரிக்காவில் கூகுளுக்கு எத்தனை கோடி அபராதம்?” என்று கேட்பவர்களுக்கு, இந்த வழக்கைப் பொறுத்தவரை விடை: எதுவும் இல்லை.

பெரிய கம்பெனியாக இருப்பதே குற்றமா?

இல்லை. தரமான பொருளாலோ திறமையாலோ சந்தையில் 90% பிடித்தாலும் அமெரிக்கச் சட்டம் தலையிடாது. இந்தியாவின் போட்டிச் சட்டம், 2002 பிரிவு 4-ம் அப்படித்தான்: ஆதிக்க நிலையில் இருப்பதைத் தடை செய்யவில்லை, அந்த நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதையே தடை செய்கிறது.

ஆகவே எந்த நாட்டு வழக்கானாலும் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். குறிப்பிட்ட சந்தையில் அந்த நிறுவனத்துக்கு ஏகபோக வலு உண்டா? உண்டென்றால், போட்டியாளர்களை வெளியே நிறுத்தும் நடத்தையால் அந்த வலுவைப் பெற்றதா, தக்கவைத்ததா? இரண்டாவது கேள்விக்கு அமெரிக்க நீதிமன்றங்கள் 2001ஆம் ஆண்டின் மைக்ரோசாஃப்ட் தீர்ப்பைத்தான் அளவுகோலாக வைக்கின்றன. போட்டிக்குத் தீங்கு நடந்ததை வழக்குத் தொடுத்தவர் காட்ட வேண்டும். பிறகு, அந்த நடத்தையால் நுகர்வோருக்கு நன்மை இருந்தது என்று நிறுவனம் காட்டலாம். காட்டினால் தீங்கையும் நன்மையையும் எடைபோட வேண்டும். கூகுள் சொன்ன நியாயங்கள் எடைபோடும் கட்டத்துக்கே வரவில்லை. அவை நிரூபிக்கப்படவில்லை என்று நீதிபதி தள்ளிவிட்டார்.

அமேசானிலும் இன்ஸ்டாகிராமிலும்தான் மக்கள் தேடுகிறார்கள். அதெல்லாம் கணக்கில் வராதா?

கூகுளின் முதல் வாதமே இதுதான். இந்த மாதிரி வழக்குகளில் பாதிப் போராட்டம் சந்தையின் எல்லையை எங்கே போடுவது என்பதில்தான் நடக்கும். எல்லையை அகலமாகப் போட்டால் பங்கு 50%க்குக் கீழே இறங்கி வழக்கே விழுந்துவிடும்.

நீதிமன்றம் பார்த்தது மாற்றாகுமா என்பதை. அமேசானில் செருப்பு தேடலாம். ஆனால் அதே பெட்டியில் காய்ச்சலுக்கான காரணத்தையோ, வருமான வரி இணையதளத்தின் முகவரியையோ, நேற்று நடந்த தேர்தலின் முடிவையோ தேட முடியாது. முழு வலையையும் துழாவி, எந்தக் கேள்விக்கும் பதில் தந்து, பிற தளங்களுக்கு அனுப்பிவைக்கும் சேவை தனிச் சந்தை என்று முடிவானது. இதற்குப் பெயர் பொதுத் தேடல் சேவை. அமெரிக்காவில் 2020இல் இதில் கூகுளின் பங்கு 89.2%, மொபைலில் மட்டும் 94.9%. அடுத்த இடத்தில் இருந்த மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறி சுமார் 6%.

விளம்பரப் பக்கத்தில் நீதிபதி எல்லையை வேறுமாதிரிப் போட்டார். தேடல் முடிவுகளின் மேலே வரும் எழுத்து விளம்பரங்களில் கூகுளுக்கு ஏகபோகம் உண்டு. அமேசான் போன்ற தளங்களையும் சேர்த்த ஒட்டுமொத்தத் தேடல் விளம்பரச் சந்தையில் அந்த வலு இல்லை. செய்திச் சுருக்கங்களில் இந்த வேறுபாடு பெரும்பாலும் காணாமல் போகிறது.

டிஃபால்ட்டை (ஃபோனோ உலாவியோ தானாகவே பயன்படுத்தும் தேடுபொறியை) யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாமே?

முடியும். மிகப் பெரும்பாலோர் மாற்றுவதில்லை என்பதுதான் வழக்கின் உயிர்நாடி.

அமெரிக்காவில் நடக்கும் தேடல்களில் சுமார் 50% கூகுள் காசு கொடுத்து ஒப்பந்தம் போட்ட டிஃபால்ட் இடங்கள் வழியாக வருகிறது. சஃபாரி உலாவி, ஆண்ட்ராய்டு ஃபோனின் முகப்புத் திரை, ஃபயர்பாக்ஸ் எல்லாம் இதில் சேரும். இன்னும் 20% தேடல்கள், பயனர்கள் தாங்களாகவே இறக்கிய குரோம் உலாவி வழியாக வருகின்றன, அதிலும் டிஃபால்ட் கூகுள்தான். மீதி 30%தான் கூகுள் டிஃபால்ட்டாக இல்லாத வாசல்.

எதிர்ப்பக்கச் சான்றையும் பாருங்கள். விண்டோஸ் கணினியோடு வரும் எட்ஜ் உலாவியில் டிஃபால்ட் பிங். அந்த உலாவிக்குள் பிங்கின் பங்கு சுமார் 80%, கூகுளுக்கு 20%. மொத்தச் சந்தையில் 6% மட்டுமே உள்ள ஒரு தேடுபொறிக்கு ஓர் உலாவிக்குள் 80% கிடைக்கிறது. எட்ஜைப் பயன்படுத்துவோர் ஓரளவு தாங்களாகத் தேர்ந்தெடுத்து வந்தவர்கள் என்று கழித்துப் பார்த்தாலும், டிஃபால்ட்டின் வலிமை கண்கூடு. மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெல்லா 2023 அக்டோபர் 2 அன்று சாட்சிக் கூண்டில் சொன்னதும் இதைத்தான்: பயனர் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கிறார் என்பது வெறும் பேச்சு.

“அப்படியானால் மைக்ரோசாஃப்டும் அதையேதானே செய்கிறது?” என்பது நியாயமான கேள்வி. செய்கிறது. ஆனால் 6% உள்ளவர் செய்தால் சந்தை மூடாது, 90% உள்ளவர் செய்தால் மூடும். ஒரே செயலைச் சட்டம் ஆளுக்குத் தகுந்தபடி எடைபோடுவது இதனால்தான்.

ஆப்பிளுக்கு உண்மையில் எவ்வளவு கொடுத்தார்கள்?

2022இல் மட்டும் 2,000 கோடி டாலர். சஃபாரி வழியாக வரும் தேடல் விளம்பர வருவாயில் 36% ஆப்பிளுக்கு. இந்தச் சதவீதம் ரகசியமாக இருந்தது. 2023 நவம்பரில் கூகுள் தரப்பு நிபுணர் சாட்சியாக வந்த பொருளாதாரப் பேராசிரியர் கெவின் மர்ஃபி வாய்தவறிச் சொன்னதால் வெளியானது. ஆப்பிள் உட்பட எல்லாக் கூட்டாளிகளுக்கும் சேர்த்து 2021இல் கூகுள் கொடுத்தது 2,630 கோடி டாலர்.

ஆப்பிளோடு முதல் ஏற்பாடு 2002இல் நடந்தது, அப்போது பணம் கைமாறவில்லை. வருவாய்ப் பங்கு 2005இல் வந்தது. இந்தத் தொகையின் விளைவை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். ஒன்று, சஃபாரிக்குள் வேறு யாரும் டிஃபால்ட்டாக நுழைய முடியாது. அந்த இடத்தைப் பிடிக்க வரும் போட்டியாளர், ஆப்பிள் இழக்கும் கூகுள் பணத்தையும் ஈடுகட்ட வேண்டும். இரண்டாவது, ஆப்பிளே ஒரு தேடுபொறி கட்டும் ஆசை மங்குகிறது. அதைச் செய்யப் பணமும் ஆளும் உள்ள மிகச் சில நிறுவனங்களில் ஆப்பிளும் ஒன்று. சும்மா இருந்தாலே ஆண்டுக்கு 2,000 கோடி டாலர் வரும்போது, செலவு செய்து போட்டிக்கு வர யாருக்கு மனம் வரும்? எங்கள் பார்வையில் இந்த இரண்டாவது பாதிப்பே பெரியது.

ஆண்ட்ராய்டு இலவசம்தானே? அதில் என்ன நிபந்தனை?

ஆண்ட்ராய்டின் மூலநிரல் இலவசம். பிளே ஸ்டோர் இலவச மூலநிரலில் சேராது, அது இல்லாத ஃபோனைக் கடைக்காரர் விற்பது கடினம். பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் ஃபோன் தயாரிப்பாளர் செயலி விநியோக ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். வழக்கு நடந்த காலத்தில் அதன்படி கூகுளின் 11 செயலிகளை ஒரே மூட்டையாக ஃபோனில் ஏற்ற வேண்டியிருந்தது, தேடல் பட்டையை முகப்புத் திரையில் வைக்க வேண்டியிருந்தது, குரோமையும் வைக்க வேண்டியிருந்தது. இதற்குப் பணம் கிடையாது.

இதற்கு மேல் வருவது வருவாய்ப் பங்கு ஒப்பந்தம். சாம்சங், மோட்டோரோலா போன்ற தயாரிப்பாளர்களோடும், வெரைசான், ஏடி அண்ட் டி, டி-மொபைல் போன்ற அமெரிக்க மொபைல் சேவை நிறுவனங்களோடும் போட்டது. வேறு தேடுபொறியை முன்கூட்டியே ஏற்றாமல் இருந்தால் விளம்பர வருவாயில் பங்கு. முதல் ஒப்பந்தம் கூகுளை உள்ளே வைத்தது, இரண்டாவது மற்றவர்களை வெளியே வைத்தது. தனித்தனியாகப் படித்தால் இரண்டுமே சாதாரண வணிக ஒப்பந்தங்களாகத் தெரியும். சேர்த்து வைத்துப் படித்தால்தான் பூட்டு தெரியும்.

கூகுள் தரமாக இருப்பதால்தான் எல்லோரும் அதற்குப் போகிறார்கள். இதில் தவறு எங்கே?

கூகுளின் தேடல் தரமானது என்று தீர்ப்பே ஒப்புக்கொள்கிறது. மோசில்லா 2014இல் ஃபயர்பாக்ஸின் அமெரிக்க டிஃபால்ட்டை யாஹூவுக்கு மாற்றி, 2017இல் கூகுளுக்கே திரும்பிய கதையையும் கூகுள் தன் பக்கச் சான்றாக வைத்தது. ஆனால் அந்தத் தரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

தேடுபொறி கற்றுக்கொள்வது பயனரின் சொடுக்கிலிருந்துதான். ஒருவர் எதைத் தட்டச்சு செய்தார், எந்த முடிவைத் தொட்டார், தொட்டுவிட்டு உடனே திரும்பினாரா, கேள்வியை மாற்றி எழுதினாரா என்பதெல்லாம் அடுத்தவருக்கான வரிசையைத் திருத்துகிறது. கூகுளுக்கு ஒரு நாளில் வரும் கேள்விகள் மற்ற எல்லாத் தேடுபொறிகளுக்கும் சேர்த்து வருவதைப்போல ஒன்பது மடங்கு. மொபைலில் 19 மடங்கு. கூகுள் 13 மாதத்தில் சேர்க்கும் பயனர் தரவைச் சேர்க்க பிங்குக்கு 17 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

அதிகம் பேர் தேடும் சொற்களில் இந்த இடைவெளி தெரியாது. “வானிலை” என்று தேடினால் எந்தப் பொறியும் சரியாகச் சொல்லும். அரிதாக வரும் கேள்விகளில்தான் வித்தியாசம். விசாரணையில் ஆராயப்பட்ட தனித்துவமான தேடல் தொடர்களில், கணினியில் 93% கூகுள் மட்டுமே கண்டவை. பிங் மட்டும் கண்டவை 4.8%. ஓர் ஊரின் சிறிய கடை, பழைய மோட்டாரின் பாக எண், ஒரு மருந்தின் அபூர்வப் பக்கவிளைவு போன்றவை இந்த வகை. பார்த்தே இராத கேள்விக்குப் பிங் எப்படிக் கற்றுக்கொள்ளும்?

டிஃபால்ட் கேள்விகளைக் கொண்டுவருகிறது. கேள்விகள் தரத்தை உயர்த்துகின்றன. தரம் விளம்பர வருவாயைத் தருகிறது. அந்த வருவாயைக் கொண்டு அடுத்த டிஃபால்ட் வாங்கப்படுகிறது. இந்தச் சுழலுக்குள் வெளியாள் நுழையும் இடம் ஒப்பந்தத்தால் அடைபட்டிருந்தது என்பதே தீர்ப்பின் சாரம்.

இன்னொரு சான்று நெருடலானது. 2020இல் கூகுள் நடத்திய உள் ஆய்வில், தேடல் தரத்தைக் கணிசமாகக் குறைத்தாலும் வருவாய் பெரிதாகப் போகாது என்று தெரிந்தது. போட்டி இருக்கும் சந்தையில் எந்த நிறுவனமும் இப்படி ஒரு நிம்மதியோடு இருக்க முடியாது.

புதிதாகத் தொடங்கிய யாராவது முயன்று பார்த்தார்களா?

நீவா என்ற தேடுபொறியைப் பாருங்கள். தொடங்கியவர் ஸ்ரீதர் ராமசாமி. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர், 2018 வரை கூகுளின் விளம்பரப் பிரிவுக்கே தலைமை தாங்கியவர். விளம்பரமே இல்லாமல் சந்தாவில் ஓடும் தேடுபொறியாக 2021இல் அதைக் கொண்டுவந்தார். பணமும் அனுபவமும் பொறியாளர்களும் இருந்தும் 2023 மே மாதம் பொதுமக்களுக்கான தேடலை மூடினார்கள். ஃபோனிலும் உலாவியிலும் டிஃபால்ட்டாகும் வழி கிடைக்காததை அவர் நீதிமன்றத்தில் சாட்சியமாகச் சொன்னார். தேடல் தொழிலின் உட்புறம் அவரைவிடத் தெரிந்தவர்கள் சிலரே. அவராலேயே வாசலைத் திறக்க முடியவில்லை.

தேடல் இலவசம். யாருக்கு என்ன நஷ்டம்?

காசு கொடுப்பவர் விளம்பரதாரர். அந்தச் செலவு பொருளின் விலையில் ஏறி நம்மிடம்தான் வருகிறது. விளம்பர விலை எப்படி ஏற்றப்பட்டது என்பதைக் கொஞ்சம் நெருக்கமாகப் பார்க்கலாம்.

கூகுள் விளம்பரம் ஏலத்தில் விற்கப்படுகிறது. வென்றவர் தான் கேட்ட தொகையைக் கொடுப்பதில்லை, அடுத்த இடத்தில் இருப்பவரை மிஞ்சத் தேவையான தொகையைக் கொடுக்கிறார். வரிசையைத் தீர்மானிப்பது ஏலத் தொகையோடு, சொடுக்கு விழும் வாய்ப்பு பற்றிய கூகுளின் கணிப்பும். புரிவதற்காக எளிமையான கற்பனை எண்கள்:

முதலாமவர் ஏலம் ₹20, சொடுக்கு வாய்ப்பு 10%. மதிப்பெண் 20 × 0.10 = 2.
இரண்டாமவர் ஏலம் ₹16, வாய்ப்பு 5%. மதிப்பெண் 16 × 0.05 = 0.8.
முதலாமவர் கொடுக்க வேண்டியது 0.8 ÷ 0.10 = ₹8.

இப்போது இரண்டாமவரின் சொடுக்கு வாய்ப்பை மட்டும் கூகுள் 8% என்று உயர்த்திக் கணக்கிடட்டும். மதிப்பெண் 1.28 ஆகும். முதலாமவர் முன்போலவே வெல்கிறார், ஆனால் கட்டணம் ₹12.80. யாரும் ஏலத்தைக் கூட்டவில்லை, விளம்பரமும் மாறவில்லை.

இந்த உத்தியும் இதுபோன்ற வேறு சிலவும் விசாரணையில் ஆவணங்களோடு வெளிவந்தன. விலையை அவ்வப்போது 5% அளவுக்கு உயர்த்தியதைக் கூகுளின் விளம்பரப் பிரிவு அதிகாரி சாட்சியத்தில் ஒப்புக்கொண்டார். எழுத்து விளம்பரத்துக்கு விலை வைக்கும்போது போட்டியாளர் என்ன விலைக்கு விற்கிறார் என்று கூகுள் பார்ப்பதே இல்லை என்றும் நீதிபதி பதிவு செய்தார். விளம்பரதாரர்கள் அந்த விலையேற்றத்தால் வேறிடம் ஓடவும் இல்லை. ஏகபோக வலுவுக்கு இதைவிட நேரடிச் சான்று கிடைப்பது அரிது.

கூகுள் எதிலாவது ஜெயித்ததா?

ஜெயித்தது. ஒட்டுமொத்தத் தேடல் விளம்பரத்தில் ஏகபோகம் இல்லை என்ற முடிவை மேலே பார்த்தோம். எஸ்.ஏ.360 என்ற விளம்பர மேலாண்மைக் கருவியில் பிங்குக்குப் பாரபட்சம் காட்டியது என்று மாநிலங்கள் சொன்ன குற்றச்சாட்டும் நிற்கவில்லை. ஊழியர்களின் உள் அரட்டைகள் 24 மணி நேரத்தில் தானாக அழியும்படி விட்டதற்காகத் தண்டிக்கக் கோரிய மனுவையும் நீதிபதி ஏற்கவில்லை. ஆனால் சான்று மிஞ்சாமல் பார்த்துக்கொள்ளப் பணியாளர்களைப் பழக்கியதைக் கடுமையாகக் கண்டித்தார்.

குரோமை விற்கச் சொல்வார்கள் என்றார்களே?

அரசு கேட்டது. 2025 ஏப்ரல், மே மாதங்களில் பரிகாரம் பற்றித் தனி விசாரணை நடந்தது. 2025 செப்டம்பர் 2 அன்று நீதிபதி அந்தக் கோரிக்கையை மறுத்தார். சட்டவிரோதமான ஒப்பந்தங்களுக்கு குரோமைக் கருவியாக்கவில்லை, எனவே அதைப் பிரிப்பது தவறுக்கும் தீர்வுக்கும் பொருந்தாது என்பது காரணம். ஆண்ட்ராய்டும் தப்பியது.

உத்தரவான விஷயங்கள் இவை. தேடல், குரோம், அசிஸ்டன்ட் என்ற குரல் உதவியாளர், ஜெமினி என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலி ஆகியவற்றுக்குப் பிரத்யேக ஒப்பந்தம் போடக் கூடாது. ஒன்றைப் பெற இன்னொன்றை ஏற்ற வேண்டும் என்று கட்டிப்போடக் கூடாது. டிஃபால்ட் ஒப்பந்தம் ஓராண்டுக்கு மேல் போகக் கூடாது. தகுதி பெற்ற போட்டியாளர்களுக்குச் சில தேடல் தரவுகளைக் கொடுக்க வேண்டும், தேடல் முடிவுகளையும் வணிக விலைக்கு வழங்க வேண்டும். இவற்றைக் கண்காணிக்கத் தொழில்நுட்பக் குழு. காலம் 6 ஆண்டு.

பணம் கொடுப்பது மட்டும் தடை செய்யப்படவில்லை. திடீரென்று நிறுத்தினால் மோசில்லா போன்ற சிறிய உலாவி நிறுவனங்கள் நொறுங்கிவிடும் என்று நீதிபதி கருதினார். அந்தக் கவலை உண்மையானது. ஆனாலும் வழக்கின் மையத் தவறே பணத்தால் வாங்கிய டிஃபால்ட் என்று தீர்ப்பளித்துவிட்டு, பணத்தைத் தொடர விட்டது இந்த உத்தரவின் பலவீனமான இடம் என்றே நினைக்கிறோம். பிரத்யேக நிபந்தனை இல்லாவிட்டாலும், அதிகப் பணம் வைத்திருப்பவரே ஏலத்தில் வெல்வார்.

கூகுள் 2026 ஜனவரியில் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்தது.

எந்தத் தரவைக் கொடுக்க வேண்டும்? என் தேடல் வரலாறும் போகுமா?

இரண்டு வகை. முதலாவது, கூகுளின் அட்டவணைத் தகவல்: எந்தப் பக்கங்கள் அதில் உள்ளன, அவற்றின் முகவரி, எப்போது துழாவப்பட்டன, குப்பைப் பக்க மதிப்பெண் போன்றவை. பக்கத்தின் தரம் பற்றிய கூகுளின் சொந்தக் கணிப்புகள் கொடுக்கப்பட மாட்டா. இரண்டாவது, தரவரிசை அமைப்புகளைப் பயிற்றுவிக்கப் பயன்படும் பயனர் சொடுக்குத் தரவு. இது தனியுரிமைப் பாதுகாப்பு செய்த பிறகே போக வேண்டும். விளம்பரத் தரவைப் பகிரும் கோரிக்கை ஏற்கப்படவில்லை.

நடைமுறையில் சிக்கல் வரப்போவது இங்கேதான். அரிதான கேள்விகளே போட்டியாளருக்குப் பொன். அவைதான் ஒரு தனிநபரை அடையாளம் காட்டக்கூடியவையும். அவற்றை நீக்கிவிட்டால் மிஞ்சுவது பிங்கிடமே இருக்கும் தரவு. எதை விடுவது, எதை மறைப்பது என்ற முடிவில்தான் இந்த உத்தரவின் பயன் தங்கியிருக்கிறது.

ஐரோப்பாவில் நடந்ததும் இதுவும் ஒன்றா?

வேறு. ஐரோப்பிய ஆணையம் அபராதப் பாதையில் போனது. தன் ஷாப்பிங் சேவையைத் தேடல் முடிவில் மேலே வைத்து, மற்ற விலை ஒப்பீட்டுத் தளங்களைக் கீழே தள்ளியதற்காக 2017 ஜூனில் 242 கோடி யூரோ. ஐரோப்பிய நீதிமன்றம் 2024 செப்டம்பர் 10 அன்று இதை உறுதி செய்தது. ஆண்ட்ராய்டு நிபந்தனைகளுக்கு 2018 ஜூலையில் 434 கோடி யூரோ. 2022இல் பொது நீதிமன்றம் இதை 412.5 கோடியாகக் குறைத்தது. 2019இல் ஆட்சென்ஸ் (பிற தளங்களில் விளம்பரம் காட்டும் கூகுள் சேவை) ஒப்பந்தங்களுக்காக விதித்த 149 கோடி யூரோ 2024 செப்டம்பரில் ரத்தானது.

சொந்தச் சேவையை மேலே வைப்பது பற்றிய புகாரை அமெரிக்காவின் வணிக ஆணையம் 2013 ஜனவரியில் நடவடிக்கையின்றி மூடியதும், அதே புகாரில் ஐரோப்பா அபராதம் விதித்ததும் கவனிக்கத்தக்கது. ஷாப்பிங் வழக்கு ஏழு ஆண்டு இழுத்த அனுபவத்தில், ஐரோப்பா டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2024 மார்ச் 7 முதல் கூகுள் உள்ளிட்ட பெரிய நிறுவனங்கள் முன்கூட்டியே விதிகளைப் பின்பற்ற வேண்டும். ஃபோனை முதன்முதலாக இயக்கும்போது வரும் தேடுபொறித் தேர்வுத் திரை அந்த விதிகளில் ஒன்று.

இந்தியாவில்?

இந்தியாவில் தேடல் பற்றிய முதல் பெரிய வழக்கு சென்னையிலிருந்து போனது. பாரத் மேட்ரிமோனியை நடத்தும் மேட்ரிமோனி.காம், அப்போதைய பெயர் கன்சிம் இன்ஃபோ, 2012இல் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தது. கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பின் புகாரும் சேர்ந்துகொண்டது. 2018 பிப்ரவரியில் ஆணையம் கூகுளுக்கு ₹135.86 கோடி அபராதம் விதித்தது. விமானப் பயணத் தேடலில் தன் பெட்டியை முன்னே வைத்தது, 2010க்கு முன் சில முடிவுகளைத் தகுதி பார்க்காமல் நிலையான இடங்களில் வைத்தது, பிற தளங்களோடு போட்ட தேடல் ஒப்பந்தங்களில் போட்டியாளரை விலக்கியது ஆகியவை தவறு என்றது. விளம்பரச் சொல் ஏலம் தொடர்பான குற்றச்சாட்டில் மீறல் இல்லை என்றது. உறுப்பினர்களில் இருவர் மாறுபட்டார்கள்.

ஆண்ட்ராய்டு வழக்கில் 2022 அக்டோபர் 20 அன்று ₹1,337.76 கோடி அபராதமும் பத்து வழிகாட்டுதல்களும். உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 19 அன்று தடை தர மறுத்ததும், இந்தியாவில் ஃபோன் தயாரிப்பாளர்கள் செயலிகளைத் தனித்தனியாகப் பெறலாம், பயனருக்குத் தேர்வுத் திரை வரும் என்று கூகுள் அறிவித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச் 29இல் அபராதத்தை உறுதி செய்து, நான்கு வழிகாட்டுதல்களை நீக்கியது. அபராதம் புகார்தாரருக்குப் போகாது, இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும்.

என் தளம் தேடலில் கீழே போய்விட்டது. போட்டி ஆணையத்தில் புகார் கொடுக்கலாமா?

தரவரிசை இறங்கியது மட்டும் போதாது. கூகுளின் வழிமுறை மாறும்போது ஆயிரக்கணக்கான தளங்கள் ஏறி இறங்கும். உங்கள் சேவைக்குப் போட்டியாகக் கூகுளே ஒரு சேவை நடத்தி, அதை உங்கள் தளத்துக்கு மேலே வைக்கிறது, அல்லது ஒரே தகுதியுள்ளவர்களுக்குள் பாரபட்சம் காட்டுகிறது என்று காட்ட முடிந்தால்தான் பிரிவு 4 பொருந்தும்.

போட்டிச் சட்டத்தின் பிரிவு 19(1)(அ) படி யாரும் தகவல் மனு கொடுக்கலாம். படிவத்தோடு கட்டணம் உண்டு, தனிநபருக்கும் நிறுவனத்துக்கும் அது வேறுபடும். பெயரை ரகசியமாக வைக்கவும் கேட்கலாம். முகாந்திரம் இருப்பதாக ஆணையம் கருதினால் பிரிவு 26(1)இன் கீழ்த் தலைமை இயக்குநரின் விசாரணைக்கு அனுப்பும், இல்லையென்றால் 26(2)இன் கீழ் மூடும். மூடப்படும் மனுக்களில் வழக்கமான குறை, சந்தை எது என்று சொல்லாமல் தன் நஷ்டத்தை மட்டும் விவரிப்பது. ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து 60 நாளுக்குள் மேல்முறையீடு. நஷ்ட ஈடு வேண்டுமானால் மீறல் உறுதியான பிறகு தீர்ப்பாயத்தில் தனி மனு.

2023 திருத்தத்துக்குப் பிறகு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். இங்கே பலர் கோட்டைவிடும் ஒரு விஷயம்: தள உரிமையாளர்களுக்குத் தேடல் புள்ளிவிவரம் காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல் 16 மாதத் தரவையே வைத்திருக்கும். வழக்கறிஞரைப் பார்க்கப் போகும் நேரத்தில் முக்கியமான மாதங்கள் அழிந்திருக்கும். சந்தேகம் வந்த வாரமே எல்லா அறிக்கைகளையும் இறக்கி வையுங்கள். தேடல் பக்கத்தின் படங்களை, கணக்கிலிருந்து வெளியேறிய நிலையில், நாள், இடம், சாதனம் தெரியும்படி, ஒரே சொல்லுக்குப் பல நாள் எடுத்து வையுங்கள். ஒற்றைப் படத்தை, “தனிப்பயனாக்கம்” என்று சொல்லி எளிதில் தள்ளிவிடுவார்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. இனி இந்த வழக்குக்கு அர்த்தம் உண்டா?

நீதிபதியே குரோம் விஷயத்தில் மென்மையாக நடந்துகொள்ள அது ஒரு காரணம். சஃபாரியில் தேடல் எண்ணிக்கை 2025 ஏப்ரலில் முதன்முறையாகக் குறைந்ததாக ஆப்பிளின் எடி கியூ சாட்சியம் சொன்னதும் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் பங்கு அன்றே 7% சரிந்தது. ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் செயலிக்கும் புதிய செய்தி, புதிய விலை, புதிய முகவரி தேவை. அதற்கு வலை அட்டவணை வேண்டும். அட்டவணையும் சொடுக்குத் தரவும் யாரிடம் இருக்கிறதோ அவரிடமே அடுத்த சந்தையும் சாய வாய்ப்புண்டு. தடை உத்தரவில் ஜெமினியையும் சேர்த்தது அதனால்தான், அது சரியான முடிவு.

என் ஃபோனில் தேடுபொறியை எங்கே மாற்றுவது?

ஆண்ட்ராய்டு குரோமில் மூன்று புள்ளி, அமைப்புகள், தேடல் இன்ஜின். ஐஃபோனில் அமைப்புகளுக்குள் ஆப்ஸ், சஃபாரி, தேடல் இன்ஜின்; பழைய ஐ.ஓ.எஸ். பதிப்புகளில் சஃபாரி நேரடியாக அமைப்புகளிலேயே இருக்கும். குரோமில் மாற்றியும் “இன்னும் கூகுளே வருகிறது” என்பவர்கள் பெரும்பாலும் முகப்புத் திரைப் பட்டையில் தட்டச்சு செய்கிறவர்கள். அந்தப் பட்டை குரோமின் அமைப்பைக் கேட்காது, எப்போதும் கூகுளுக்கே போகும். அதை அழுத்திப் பிடித்து நீக்கிவிட்டு, நீங்கள் விரும்பும் தேடுபொறியின் செயலியை நிறுவி அதன் பட்டையை வையுங்கள். பிக்சல் ஃபோனின் சொந்த முகப்பில் அந்தப் பட்டையை நீக்க முடியாது, வேறு லாஞ்சர் (முகப்புத் திரைச் செயலி) போட வேண்டும்.